பழைய வீட்டுக்கு மறுவயரிங்: பாயின்ட் கணக்கா, சதுர அடியா, நாள் கூலியா?

எங்கள் வீட்டுப் பாத்ரூம் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு மரக் கரண்டி தொங்கிக்கொண்டிருந்தது. லீவுக்குப் போனபோது எதற்கு என்று அம்மாவிடம் கேட்டேன். "மழை பெஞ்சா சுவிட்ச் சுருக்குங்குதுடா. அதான் கரண்டியால தட்டுறேன். ஆறு மாசமா இப்படித்தான், ஒண்ணும் ஆகல" என்றார். மறுநாள் காலையே எலக்ட்ரீஷியன் தேட ஆரம்பித்துவிட்டேன்.

திருச்சியில் அப்பா 1986-இல் கட்டிய வீடு அது. தரைத்தளம் மட்டும், 1,050 சதுர அடி. ஹால், இரண்டு படுக்கை அறை, சமையலறை, பூஜை அறை, இரண்டு பாத்ரூம், மொட்டை மாடிக்கு ஒரு படிக்கட்டு. மெயின் போர்டில் பீங்கான் பீஸ் கட்டை. சுவிட்ச் போர்டெல்லாம் மரப்பெட்டி, மேலே ஹைலம் ஷீட் என்கிற கெட்டித் தகடு. உள்ளே பாதி அலுமினிய வயர். நடுவில் அங்கங்கே யார் யாரோ வந்து செம்பு வயரை முறுக்கி ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

நாலு பேரை வரவழைத்து விலை கேட்டேன். முதல் ஆள், பாயின்டுக்கு 320 ரூபாய், சாமான் நீங்கள் வாங்கித் தர வேண்டும் என்றார். இரண்டாவது ஆளும் அதே கணக்குதான், ஆனால் பாயின்டுக்கு 380. மூன்றாமவர் காண்ட்ராக்டர். சதுர அடிக்கு 140 ரூபாய், சாமானோடு சேர்த்து, "சாவியைக் குடுத்துட்டுப் போங்க சார்" என்றார். நாலாவது ஆள், தனக்கு ஒரு நாளைக்கு 1,000, கூட வரும் ஹெல்பருக்கு 650, வேலை எத்தனை நாள் ஆகிறதோ அத்தனை நாள் என்றார்.

நாலு பேரும் நாலு அளவுகோல் வைத்துப் பேசினால் எதை எதோடு ஒப்பிடுவது? மறுவயரிங் செய்யப் போகிற எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். நான் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவந்து பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். விலைகள் 2024 கடைசியில் எனக்குச் சொல்லப்பட்டவை. சென்னை, கோவையில் கூலி இதைவிடக் கூடும், சிறிய ஊர்களில் குறையும். செம்பு விலை ஏறினால் வயர் விலையும் கூடவே ஏறும் என்பதால் நீங்கள் கேட்கும்போது இந்த எண்கள் மாறியிருக்கும். கணக்குப் போடும் முறை மட்டும் மாறாது.

பாயின்ட் என்றால் எது பாயின்ட்?

தமிழ்நாட்டில் வீட்டு வயரிங் கூலி பெரும்பாலும் பாயின்ட் கணக்கில்தான் ஓடுகிறது. ஒரு லைட், அதன் சுவிட்ச், இரண்டுக்கும் இடையே ஓடும் வயர், இது ஒரு பாயின்ட். ஃபேனும் அப்படியே. இதுவரை தகராறு இல்லை. தகராறு பிளக்கில் ஆரம்பிக்கிறது. சுவிட்ச் போர்டிலேயே இருக்கும் 5 ஆம்பியர் பிளக்கை ஒருவர் முழுப் பாயின்டாக எண்ணுவார், இன்னொருவர் அரைப் பாயின்ட் என்பார். வாஷிங் மெஷின், கீசர், ஏ.சி. போன்றவற்றுக்கான 16 ஆம்பியர் பவர் பிளக் ஒருவருக்கு ஒன்றரை, இன்னொருவருக்கு இரண்டு. மாடிப்படியில் கீழே போட்டு மேலே அணைக்கும் டூ-வே சுவிட்சுக்கு ஒரு பாயின்ட் கூட.

எங்கள் வீட்டுப் பட்டியல் இது: லைட் 18, ஃபேன் 5, எக்ஸாஸ்ட் ஃபேன் 3, காலிங் பெல் 1, சின்ன பிளக் 14, ஏ.சி.யையும் சேர்த்து பவர் பிளக் 8, டூ-வே 2, டிவிக்கும் இன்டர்நெட்டுக்கும் ஆளுக்கொன்று. முதல் ஆள் எண்ணும் முறைப்படி பார்த்தால் சின்ன பிளக் முழுப் பாயின்ட், பவர் பிளக் இரண்டு பாயின்ட், ஆக மொத்தம் 61. பாயின்டுக்கு 320 வீதம் 19,520 ரூபாய். இரண்டாவது ஆளுக்குச் சின்ன பிளக் அரை, பவர் பிளக் ஒன்றரை. மொத்தம் 50 பாயின்ட்தான் வருகிறது. 380 வீதம் 19,000.

பாயின்டுக்கு 60 ரூபாய் கூடச் சொன்ன ஆள்தான் மொத்தத்தில் 520 ரூபாய் குறைவு! "அவர் 320-க்குச் செய்றார், நீங்க ஏன் 380 கேக்குறீங்க" என்று நான் பேரம் பேசியிருந்தால் என்னைப் பார்த்து அவர் மனதுக்குள் சிரித்திருப்பார்.

அதனால் ரேட்டைக் கேட்பதற்கு முன்னால் வீட்டைச் சுற்றிவந்து பட்டியலை நீங்களே எழுதிவிடுங்கள். பிறகு அந்தப் பட்டியலை நீட்டி, இதில் எத்தனை பாயின்ட் வருகிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கூடவே மூன்று கேள்வி. சுவர் வெட்டுவது பாயின்ட் ரேட்டுக்குள் வருமா? டி.பி. பாக்ஸ் (மெயினிலிருந்து ஒவ்வொரு லைனுக்கும் கரண்டைப் பிரிக்கும் பெட்டி) கட்டுவதற்குத் தனியா? வேலை முடிந்ததும் ஃபேனையும் லைட்டையும் மாட்டித் தருவது யார் கணக்கு? 380 ரூபாய் ஆள் எனக்கு டி.பி. கட்ட 2,500 தனி, ஃபேன், லைட் மாட்ட 2,000 தனி என்றார். ஆக, கூலி 23,500-இல் வந்து நின்றது.

சாமான் வாங்கும் பாடு

பாயின்ட் ரேட்டில் போனால் சாமான் வாங்குவது நம் தலையில். பட்டியலை எலக்ட்ரீஷியன்தான் எழுதித் தருவார், "இந்தக் கடையில் வாங்குங்க" என்றும் சொல்வார். சில வயர் கம்பெனிகளும் சுவிட்ச் கம்பெனிகளும் எலக்ட்ரீஷியன்களுக்குக் கூப்பனும் பாயின்டும் தருவது ஊரறிந்த விஷயம். பாயின்ட் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு அங்கேயும் ஒரு பாயின்ட் கணக்கு ஓடுகிறது. அதைப் பெரிய குற்றமாக நான் நினைக்கவில்லை. அந்தப் பட்டியலையே எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினால் போதும். அட்டை விலையில் எவ்வளவு கழிப்பார்கள் என்பது கடைக்குக் கடை மாறும், வயரிலேயே நல்ல வித்தியாசம் தெரியும்.

எங்கள் கணக்கில் வயர்தான் பெரிய தொகை. லைட்டுக்கு 1 சதுர மில்லிமீட்டர் வயர் எட்டு காயில் (சுருள்), ஒரு காயில் 1,450 வீதம் 11,600. டி.பி.யிலிருந்து ஒவ்வொரு போர்டுக்கும் போக 1.5 சதுர மில்லிமீட்டர் நாலு காயில், 2,150 வீதம் 8,600. பவர் பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஐந்து காயில், 3,400 வீதம் 17,000. ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் இரண்டு காயில், 5,300 வீதம் 10,600. ஆக வயர் மட்டும் 47,800. சுவிட்ச், பிளேட், மெட்டல் பாக்ஸ் எல்லாம் மாடுலரில் 24,000. டி.பி., எம்.சி.பி.கள் (சுமை கூடினால் தானாக விழும் சுவிட்ச்), ஆர்.சி.சி.பி. (கரண்ட் லீக்கானால் தானாக வெட்டும் சுவிட்ச்) சேர்த்து 9,500. குழாய், பெண்டு, டேப், திருகாணி வகையறா 5,000. எர்த் குழி, கூலியோடு 5,500. கூட்டினால் 91,800.

கூலியைப் போல நாலு மடங்கு சாமான். நாமோ பாயின்டுக்கு இருபது ரூபாய் குறைக்கச் சொல்லி எலக்ட்ரீஷியனோடு மல்லுக்கட்டுகிறோம். ஐம்பது பாயின்டுக்கு அது ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரத்தை சுவிட்ச் கடையில் ஒரு மாடல் கீழே இறங்கினாலே மிச்சம் பிடித்துவிடலாம். பூஜை அறைக்கும் ஸ்டோர் ரூமுக்கும் எதற்குக் கண்ணாடிப் பிளேட்?

வயரில் மட்டும் கீழே இறங்காதீர்கள். ஐ.எஸ். 694 முத்திரையும் சதுர மில்லிமீட்டர் அளவும் வயரின் மேலேயே அச்சாகியிருக்கும், பாருங்கள். போலியைப் பிடிக்க எனக்குப் பிடித்த வழி தராசு. ஒரு காயில் 90 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் அந்த நீளத்துக்குச் செம்பு மட்டுமே ஏறத்தாழ இரண்டு கிலோ இருக்க வேண்டும். 1.5 வயரில் 1.2 கிலோ, 4 வயரில் 3.2 கிலோ. இது வெறும் பெருக்கல் கணக்கு, எந்தக் கம்பெனி என்றாலும் ஏறத்தாழ இதேதான். மேலே இருக்கும் பி.வி.சி. உறை இதற்கு மேல். 2.5 காயிலைத் தராசில் வைத்து இரண்டு கிலோகூட வரவில்லை என்றால், ஒன்று நீளம் குறைவு, இல்லை கம்பி மெலிசு. கடைக்காரர் முகம் கொஞ்சம் மாறும். மாறட்டும்.

சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது

காண்ட்ராக்டர் சொன்ன 140 ரூபாய்க்கு வருவோம். 1,050 சதுர அடிக்கு 1,47,000. பாயின்ட் முறையில் சாமான் 91,800, கூலி 23,500, ஆக 1,15,300. முப்பதாயிரத்துச் சொச்சம் வித்தியாசம். நாம் அலையாமல் இருப்பதற்கும் அவர் பொறுப்பெடுத்துக்கொள்வதற்கும் அது அதிகம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் எழுதிக்கொடுத்த தாளைப் பார்த்தபிறகுதான் யோசித்தேன். "ஐ.எஸ்.ஐ. வயர்" என்று ஒரு வரி, பிராண்ட் இல்லை, அளவு இல்லை. "டி.பி. 8 வழி" என்று ஒரு வரி, ஆர்.சி.சி.பி. பற்றி மூச்சில்லை. எர்த் "இருக்கிறதையே" வைத்துக்கொள்வதாம். சுவர் பூச்சும் பெயின்டும் அவர் கணக்கில் இல்லை.

சதுர அடிக் கணக்கு புது வீட்டுக்குப் பொருந்தும். அங்கே எல்லாம் முதலிலிருந்து வருவதால் பரப்புக்கும் வேலைக்கும் ஓரளவு தொடர்பு உண்டு. பழைய வீட்டில் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. 1,050 சதுர அடியில் எத்தனை பாயின்ட், பழைய குழாயில் வயர் ஓடுமா, எவ்வளவு சுவர் வெட்ட வேண்டும், இது எதுவுமே சதுர அடியில் தெரியாது. தெரியாததற்கெல்லாம் சேர்த்து காண்ட்ராக்டர் விலையை ஏற்றிச் சொல்வார், இல்லை தரத்தைக் குறைப்பார். அவரும் நட்டப்பட முடியாதே.

ஆனால் வெளிநாட்டில் இருக்கிறீர்கள், வீட்டில் வயதானவர்கள் மட்டும்தான், தினமும் கடைக்குப் போக ஆள் இல்லை என்றால் காண்ட்ராக்ட்தான் சரி. அப்போது சதுர அடி ரேட்டை மறந்துவிட்டு, அதே பாயின்ட் பட்டியலுக்குச் சாமானோடு விலை கேளுங்கள். வயர் பிராண்ட், எந்த இடத்துக்கு எந்த அளவு, சுவிட்ச் மாடல், ஆர்.சி.சி.பி. உண்டா, எர்த் புதிதா, பூச்சு யார் பொறுப்பு, எல்லாம் தாளில் வர வேண்டும். ஜி.எஸ்.டி. பில் தருகிறவர் என்றால் 18 சதவீதம் அந்தத் தொகைக்குள்ளா, வெளியேயா என்றும் கேட்டுவிடுங்கள். 1,47,000-க்கு அது 26,460 ரூபாய் வித்தியாசம். கடைசி நாளில் இதைக் கேட்டால் சண்டையில்தான் முடியும்.

நாள் கூலி

நாள் கூலி ஆள் பன்னிரண்டு நாள் என்றார். ஒரு நாளைக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து 1,650, பன்னிரண்டு நாளுக்கு 19,800. பார்த்தால் இதுவும் பாயின்ட் கூலி மாதிரிதான். பன்னிரண்டு நாள் பதினெட்டு நாளானால் 29,700. அப்படி ஆகத்தான் செய்யும். பத்து மணிக்கு வந்து, டீ குடித்து, சாமான் வரவில்லை என்று உட்கார்ந்து, மூன்று மணிக்குக் கரண்ட் இல்லை என்று கிளம்புகிற நாளுக்கும் முழுக் கூலிதான்.

இருந்தாலும் ஓர் இடத்தில் நாள் கூலியை அடித்துக்கொள்ள முடியாது: கோளாறு தேடும் வேலையில். சுவருக்குள் எங்கே லீக், எந்த இணைப்பு சூடாகிறது என்று தேடுவதைப் பாயின்டாக எண்ணவே முடியாது. பாயின்ட் ரேட் ஆளிடம் அந்த வேலையைக் கொடுத்தால் அவசர அவசரமாக முடிப்பார். நான் மறுவயரிங்குக்கு முன்னால் ஒரே ஒரு நாள் அந்த நாலாவது ஆளை வரவழைத்தேன். 1,650 ரூபாய் செலவு. போர்டு போர்டாகத் திறந்து பார்த்து, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் கோடு போட்டுக் காட்டினார். பாத்ரூம் சுவிட்ச் சுருக்கென்றதற்கும் காரணம் சொன்னார். மாடித் தொட்டியிலிருந்து கசிந்த ஈரம் மரப்பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. எர்த் வேலை செய்யவே இல்லை.

எர்த் ஏன் வேலை செய்யவில்லை என்பதுதான் வேடிக்கை. அந்தக் காலத்தில் எர்த் வயரைத் தண்ணீர் வரும் இரும்புக் குழாயில் கட்டிவிட்டிருக்கிறார்கள். குழாய் மண்ணுக்குள் போவதால் அதுவே எர்த். பத்து வருஷம் முன்பு குழாய் துருப்பிடித்தது என்று நாங்கள் பி.வி.சி. குழாயாக மாற்றினோம். பிளம்பர் குழாயை மட்டும் மாற்றவில்லை, வீட்டு எர்த்தையும் பிடுங்கி எறிந்துவிட்டார். பத்து வருஷமாக யாருக்கும் தெரியாது.

எவ்வளவு மாற்றுவது

கூலி முறையைவிடப் பெரிய முடிவு இது. முழு வீட்டுக்கும் புதிதாகச் சுவர் வெட்டிக் குழாய் பதிப்பதா, பழைய குழாயிலேயே புது வயர் இழுப்பதா, சுவருக்கு மேலே கேசிங் (மூடி போட்ட பி.வி.சி. பட்டை) ஓட்டுவதா?

புதிதாக வெட்டிப் பதித்தால் எல்லாம் நம் இஷ்டம். கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் வேண்டுமா, வைக்கலாம். ஆனால் எனக்குப் பாயின்டுக்கு 550 கேட்டார்கள், 50 பாயின்டுக்கு 27,500. அதோடு கொத்தனாருக்குப் பத்து நாள், பிறகு வீடு முழுக்கப் பெயின்ட். வீட்டில் ஆள் குடியிருக்கும்போது இந்த வேலையைச் செய்வது தண்டனை. கட்டிங் மிஷின் கிளப்பும் தூசி மூடிய பீரோவுக்குள் இருக்கும் பட்டுப் புடவை வரைக்கும் போய்விடும்.

பழைய குழாய் உயிரோடு இருந்தால் ஸ்பிரிங் விட்டு இழுப்பதுதான் மலிவு. 380 ரூபாய் என்றது அந்த வேலைக்குத்தான். பூச்சு வேலை குறைவு. ஆனால் குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று இழுத்துப் பார்க்கும்வரை தெரியாது. 1986-இல் தளம் போட்டபோது சிமென்ட் பால் இறங்கி அடைத்திருக்கலாம். அந்தக் காலத்து மெல்லிய குழாயில் லைட்டுக்கு மட்டும் கணக்குப் போட்டிருப்பார்கள், 4 சதுர மில்லிமீட்டர் வயர் அதில் நுழையாது. அதனால் ஏ.சி., கீசர், சமையலறை பவர் லைனுக்கு எப்படியும் புதிதாக வெட்டித்தான் ஆக வேண்டும்.

கேசிங் வெளியே தெரியும் என்பதால் நம்மவர்களுக்குப் பிடிப்பதில்லை. ஆனால் மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் எனக்கு வேறு யோசனையே வராது. மர உத்தரமும் செங்கல்லும் சுண்ணாம்புமாக இருக்கும் அந்தத் தளத்தை வெட்டக் கூடாது. வாடகைக்கு விடும் வீட்டுக்கும் கேசிங் போதும். கொத்தனார் செலவும் பெயின்ட் செலவும் அநேகமாக இல்லாமலே போய்விடும். நாளைக்குக் கோளாறு என்றால் மூடியைக் கழற்றினால் வயர் கண்முன்னே.

கையில் பணம் குறைவு என்றால் நாலாவது வழி ஒன்று இருக்கிறது, அதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். லைட், ஃபேன் லைன்களை இப்போதைக்கு விட்டுவிட்டு, புது எர்த், புது டி.பி., ஆர்.சி.சி.பி., சமையலறை, பாத்ரூம், ஏ.சி. பவர் லைன்கள் இவற்றை மட்டும் மாற்றுவது. எங்கள் வீட்டுக்கு இந்தக் கணக்கு ஏறத்தாழ 50,000 வந்தது. அதிகச் சுமை இழுப்பதும் ஈரம் படுவதும் இந்த லைன்கள்தான். மீதியை இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கலாம். ஆனால் உள்ளே அலுமினியமும் செம்பும் முறுக்கிய இணைப்புகள் இருந்தால் அவற்றையாவது இப்போதே களைந்துவிடுங்கள். அலுமினியம் திருகுக்கடியில் நாளாக நாளாகத் தளர்ந்து சூடாகும். எங்கள் ஹால் போர்டில் ஒரு இணைப்பைச் சுற்றி ஹைலம் ஷீட்டே கருகியிருந்தது.

ஆர்.சி.சி.பி. விஷயத்தில் ஒரு எச்சரிக்கை

ஷாக் அடித்தால் ஆளைக் காப்பாற்றுவது எம்.சி.பி. இல்லை. எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. பேஸில் போன கரண்ட் நியூட்ரலில் முழுசாகத் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் கண் இமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று போட்டதுதான் வேண்டும், 100, 300 எல்லாம் ஆளைக் காக்க அல்ல.

பழைய வீட்டில் இதைச் சும்மா கொண்டுவந்து மாட்டினால் நிற்காது. வருஷக்கணக்கில் அந்த அறை நியூட்ரலை இந்த அறையோடு, இன்வெர்ட்டர் நியூட்ரலை ஈ.பி. நியூட்ரலோடு என்று கலந்து கட்டியிருப்பார்கள். கரண்ட் ஒரு வழியில் போய் வேறு வழியில் திரும்பும். ஆர்.சி.சி.பி. அதை லீக் என்று நினைத்து விழுந்துகொண்டே இருக்கும். என் அத்தை வீட்டில் இதுதான் நடந்தது. சதுர அடிக் காண்ட்ராக்டில் வேலை முடிந்தது, ஆர்.சி.சி.பி.யும் அழகாக டி.பி.யில் உட்கார்ந்திருந்தது. அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தால், ட்ரிப் ஆகிறது என்று வயரை அதைத் தாண்டி நேராக இணைத்திருக்கிறார்கள். மூவாயிரம் ரூபாய்ச் சாமான் காட்சிப் பொருளாக இருந்தது.

அதனால் விலை பேசும்போதே நியூட்ரல் பிரிப்பதையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனி நியூட்ரல், இன்வெர்ட்டர் லைனுக்கு முழுக்கத் தனி. வயர் ஒன்றிரண்டு காயில் கூடும், பரவாயில்லை. வேலை முடிந்ததும் டெஸ்ட் பட்டனை நீங்களே அழுத்துங்கள். மெகர் என்கிற சோதனைக் கருவியை வைத்து வயர் இன்சுலேஷனும் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் எங்கோ ஈரமோ காயமோ இருக்கிறது. மெகர் என்றால் என்ன என்று கேட்கிற ஆளிடம் வீட்டைக் கொடுத்திருந்தால், அது வேறு பிரச்சினை.

சொல்லாமல் விடும் செலவுகள்

கொத்தனார், சித்தாள் இருவருக்கும் நாளைக்கு 1,850. நாலு நாளைக்கு 7,400, சிமென்ட், மணல் 1,800. பூச்சு வேலை நடந்த சுவர்களுக்குப் பெயின்ட் 14,000. எந்த எலக்ட்ரீஷியன் தாளிலும் இந்த 23,200 இல்லை. நம் பையிலிருந்துதான் போனது.

அப்புறம் ஈ.பி. தமிழ்நாட்டில் வீட்டின் இணைப்புச் சுமை 4 கிலோவாட்டைத் தாண்டினால் த்ரீ பேஸ் வாங்க வேண்டும். ஒரு ஒன்றரை டன் ஏ.சி. ஏறத்தாழ ஒன்றரை கிலோவாட், கீசர் இரண்டு, இன்டக்‌ஷன் அடுப்பு இரண்டு. மூன்றிலேயே தாண்டிவிட்டது. த்ரீ பேஸ் என்றால் ஈ.பி.க்குக் கட்டும் பணம் தனி, டி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் பெரிய வகை, மூன்று பேஸுக்கும் சுமையைப் பிரித்துக் கட்டும் வேலையும் உண்டு. இதை வயரிங் முடிந்தபிறகு யோசித்தால் டி.பி.யை இரண்டு முறை வாங்க வேண்டி வரும். புது இணைப்புக்கோ சுமை கூட்டுவதற்கோ உரிமம் உள்ள காண்ட்ராக்டரின் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்பார்கள். உரிமம் தருவது கிண்டியில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம். நன்றாக வேலை தெரிந்த பலரிடம் அந்தக் காகிதம் இருக்காது, காகிதம் இருப்பவர் கையெழுத்துக்குத் தனியாகப் பணம் கேட்பார். முதல் நாளே "ரிப்போர்ட் யார் தருவது" என்று கேட்டுவிடுங்கள்.

கடைசியில் நான் செய்தது

380 ரூபாய் ஆளையே பிடித்தேன். ரேட்டுக்காக இல்லை. மற்றவர்கள் போர்டை வெளியிலிருந்து பார்த்துவிட்டு விலை சொன்னார்கள், அவர் மட்டும் திருப்புளியை எடுத்து இரண்டு போர்டைத் திறந்து பார்த்தார். "அண்ணே, பாதி குழாய் ஓடும், சமையக்கட்டு ஓடாது, வெட்டித்தான் ஆகணும்" என்றார். அதேதான் நடந்தது. முன்பணம் 5,000, வயர் இழுத்து முடிந்ததும் பாதி, சுவிட்ச் மாட்டியதும் கொஞ்சம், மெகர் பார்த்து டெஸ்ட் பட்டன் அழுத்தியபிறகு கடைசி 3,000 என்று பேசிக்கொண்டோம்.

சாமான், கூலி, பூச்சு, பெயின்ட் எல்லாம் சேர்த்து மதிப்பீடு 1,38,500. முடிந்தபோது 1,47,850. நடுவில் அம்மா ஐந்து பாயின்ட் கூடக் கேட்டார், கூலி 1,900, சுவிட்ச் 2,200. ஹாலில் ஒரு குழாய் அடைத்திருந்ததால் கொத்தனாருக்கு இன்னொரு நாள், 2.5 வயர் இன்னொரு காயில். காண்ட்ராக்டர் சொன்ன தொகையைவிட 850 ரூபாய் கூட என்று தம்பி கிண்டல் செய்தான். அவர் தொகையில் பூச்சும் பெயின்டும் எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் இல்லை என்பதை அவனுக்கு விளக்க இரண்டு நாள் ஆனது.

சுவர் பூசுவதற்கு முன்னால் அந்தந்தச் சுவரின் மேல் அளவு டேப்பை நீட்டிப் பிடித்து ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். பெயின்ட் காய்ந்த வாரமே அம்மா பூஜை அறையில் முருகன் படம் மாட்ட ஆணியும் சுத்தியலுமாக நின்றார். போனைத் திறந்து பார்த்தேன். ஆணி வைத்த இடத்துக்கு நேர் பின்னால் புதுக் குழாய். ஒரு சாண் தள்ளி அடித்தோம்.